ஒரு கட்டி எதிர்ப்பாற்றலின் கண்ணில் படுமா? எலியில் சோதித்துப் பார்ப்பது எப்படி

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த செல் லைன் இம்யூனோஜெனிக்கா, இல்லையா?" செல் லைன் என்றால் கட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள், இம்யூனோஜெனிக் என்றால் உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பக்கூடியது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்தான், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி கட்டியை மட்டும் பார்க்கிறது. அந்தக் கட்டியை முதலில் எது உண்டாக்கியது, அது வளர்ந்த உடம்பில் அப்போது காவலுக்கு யார் இருந்தார்கள், இந்த இரண்டும் தெரியாமல் சொல்லும் பதில் பாதிப் பதில்தான்.

உங்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில் இருப்பவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சிடி26 பெருங்குடல் கட்டி, பால்ப்/சி என்ற வம்சத்து எலிக்கு நைட்ரோசோ சேர்மம் கொடுத்து வரவழைத்தது. எம்சி38, டைமெத்தில்ஹைட்ரசீன் கொடுத்து வந்தது. இரண்டும் செக்பாயின்ட் மருந்துக்கு (டி-செல் என்ற எதிர்ப்பு செல்களுக்குப் போட்ட பிரேக்கை எடுத்துவிடும் மருந்து) நன்றாக இணங்கும், அதனாலேயே மருந்து கம்பெனிகளுக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம். பி16 மெலனோமாவும் 4டி1 மார்பகக் கட்டியும் தானாக வந்தவை, யாரும் எதையும் பூசவில்லை, ஊசியும் போடவில்லை. இவை அதே மருந்துக்குப் பெரும்பாலும் அசைந்தே கொடுக்காது. பிறந்த கதையிலேயே பாதி விஷயம் இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை போட வேண்டும்.

சோதனைக்கு முன்னால், என்ன கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு கட்டியை டி-செல்கள் அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்குமா என்பதுதான் விஷயம். இதை இரண்டு விதமாகக் கேட்கலாம். அதை முன்பு பார்த்தே இராத ஒரு சாதாரண எலிக்குள் செல்களைப் போட்டால் அது விரட்டிவிடுகிறதா என்பது ஒன்று. முன்கூட்டியே பழக்கிய எலி, அதாவது அதே கட்டியைக் கதிர்வீச்சில் செயலிழக்க வைத்துக் கொடுத்தோ, வளர்த்து வெட்டியெடுத்தோ தயார்செய்த எலி, மறுபடி போடும்போது விரட்டுகிறதா என்பது இன்னொன்று. முதல் பரீட்சை கடினமானது, இரண்டாவது சுலபமானது. இரண்டாவதில் தேறிய பல கட்டிகள் முதலாவதில் தேறாது. ஒரு கட்டுரை ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததுபோல் பேசினால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இரண்டாவது பரீட்சைதான் பழையது. 1943இல் லுட்விக் கிராஸ், மெத்தில்கோலாந்த்ரீன் என்ற புற்று உண்டாக்கும் ரசாயனம் (இனிமேல் எம்சிஏ) கொடுத்து வந்த சார்கோமாவை, அதாவது தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுக் கட்டியை, எலித்தோலுக்குள் போட்டுப் பார்த்தார். சரியாகச் செய்து காட்டியவர்கள் 1957இல் ப்ரெனும் மெய்னும். எம்சிஏ கட்டியை வளர்த்து வெட்டியெடுத்த எலிகள், மறுபடி அதே கட்டியைப் போட்டபோது விரட்டின. வேறொரு எலியில் அதே எம்சிஏவால் வந்த இன்னொரு கட்டியைப் போட்டால் அது பாட்டுக்கு வளர்ந்தது. அவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன வேலை: எந்த எலியில் கட்டி வந்ததோ அதன் தோலையே எடுத்து, பழக்கிய எலிகளில் ஒட்டிப் பார்த்தார்கள். தோல் ஒட்டிக்கொண்டது. அதாவது எலிகளுக்குள் இருந்த ஏதோ வம்ச வித்தியாசத்தால் விரட்டவில்லை, கட்டியிலேயே அந்நியமாக ஏதோ இருந்திருக்கிறது. அந்தத் தோல் சோதனை இல்லாவிட்டால் முழுக் கட்டுரையும் சந்தேகத்துக்கு இடமாகியிருக்கும். தானாக வந்த கட்டிகளில் அவர்களுக்கு இந்த எதிர்ப்பு தென்படவில்லை. 1976இல் ஹெவிட் தானாக வந்த 27 எலிக் கட்டிகளை வைத்துப் பார்த்து, எதிலும் எதிர்ப்பே இல்லை, நீங்கள் கொண்டாடுவதெல்லாம் ரசாயனம் கொடுத்து உண்டாக்கிய செயற்கை விவகாரம் என்று ஒரே போடாகப் போட்டார். அந்த அடியிலிருந்து இந்தத் துறை எழுந்து வர ரொம்ப நாளானது.

எலியைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்கு இரண்டு வகை எலி வேண்டும்: முழு எதிர்ப்பாற்றல் உள்ளது ஒன்று, டி-செல், பி-செல் (ஆன்டிபாடி சுரக்கும் செல்) இரண்டும் அறவே இல்லாத, ராக்-2 மரபணு நீக்கிய எலி (இனிமேல் ராக் எலி) ஒன்று. இரண்டும் ஒரே வம்சமாக இருக்க வேண்டும், முடிந்தால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளாகவே இருக்கட்டும்.

"நியூட் எலி எங்களிடம் நிறைய இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 1974இல் ஸ்டட்மேன் செய்தது இதைத்தான். நியூட் எலியிலும் சாதாரண எலியிலும் எம்சிஏ கொடுத்துப் பார்த்தார், கட்டி வரும் விகிதத்தில் வித்தியாசமே இல்லை, ஆகவே எதிர்ப்பாற்றல் புற்றுநோயைக் கண்காணிக்கிறது என்பதெல்லாம் கதை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு ஓட்டைகள் இருந்தன. நியூட் எலிக்கு டி-செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி இல்லையே தவிர, புற்று செல்லைக் கொல்லும் என்கே செல்கள் இருக்கின்றன, வயது ஏற ஏற ஓரளவு டி-செல்களும் தலைகாட்டும். இரண்டாவது ஓட்டை இன்னும் சுவாரஸ்யம்: அவர் எடுத்த சிபிஏ/ஹெச் வம்சத்தில், எம்சிஏவைப் புற்று உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றும் நொதி வெகு வேகமாக வேலை செய்யும் ரகம். ரசாயனத்தின் அடி அவ்வளவு பலமாக விழுந்தால், காவல்காரன் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ரசாயனத்தின் பலமும் உடம்பின் காவலும் ஒன்றையொன்று மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கணக்கில் பிழையில்லை, கையில் எடுத்த எலிதான் பிழை.

ஆண் பெண் விஷயத்தில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை எனக்குக் கிடைத்த ஒரு சார்கோமா, பி6 என்ற வம்சத்துப் பெண் எலிகளில் போட்ட இடமெல்லாம் காணாமல் போனது. ஆகா, பயங்கர இம்யூனோஜெனிக் என்று குழுக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு சீனியர் அக்கா அமைதியாக, "கட்டி வந்தது ஆண் எலியிலா தம்பி?" என்று கேட்டார். ஆண் எலிதான். ஒய் குரோமோசோமிலிருந்து வரும் புரதங்களைப் பி6 பெண் எலிகள் அந்நியமாகக் கண்டுகொள்ளும், ஆண் எலியின் தோலை ஒட்டினாலே விரட்டிவிடும். ஆறு வார வேலை, அறுபது எலிகள், எல்லாம் போச்சு. அன்றிலிருந்து ஆணில் வந்த கட்டி ஆணுக்கு, பெண்ணில் வந்தது பெண்ணுக்கு.

எலி எங்கிருந்து வாங்கினது என்பதையும் குறித்து வையுங்கள். 2015இல் சிகாகோவில் பார்த்தார்கள்: ஒரே பி6 வம்சம்தான், ஆனால் எலி விற்கும் ஜாக்சன் நிறுவனத்தில் வாங்கிய எலியில் பி16 கட்டி மெதுவாக வளர்ந்தது, டாக்கோனிக் என்ற இன்னொரு நிறுவனத்தில் வாங்கியதில் வேகமாக வளர்ந்தது. இரண்டையும் ஒரே கூண்டில் போட்டு வைத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது, ஏனென்றால் காரணம் குடலில் இருந்த பாக்டீரியா. ஆகவே உங்கள் சாதாரண எலி ஒரு கடையிலிருந்தும் ராக் எலி இன்னொரு கடையிலிருந்தும் வந்தால் நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

எம்சிஏ கொடுப்பது

எம்சிஏ தண்ணீரில் கரையாது. எதில் கரைக்கிறார்கள் தெரியுமா, கடலை எண்ணெயில். நாம் தாளிக்கும் அதே எண்ணெய்தான், என்ன, கிருமி நீக்கிச் சுத்தப்படுத்தியது. 0.1 மில்லி எண்ணெயில் கலந்து விலாப்பக்கம் தோலுக்கடியில் ஒரே ஒரு ஊசி. 5, 25, 100 மைக்ரோகிராம் என்று மூன்று அளவுகள் வழக்கத்தில் உண்டு.

இது மனிதர்களுக்கும் ஆபத்தான பொருள் என்பதால் விளையாட்டு வேண்டாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். புகைபோக்கிக் கூண்டுக்குள் வைத்து எடை போடுங்கள், இரட்டைக் கையுறை போடுங்கள், கழிவும் கூண்டில் விரித்த உமியும் தனிப்பையில் எரிப்புக்குப் போக வேண்டும். எலி ரூமில் வேலை செய்யும் அண்ணன்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், கூண்டில் எழுதி ஒட்டுங்கள். கூண்டு கழுவுகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு இது நீண்ட நாள் கோபம்.

அளவை ஒன்றோடு நிறுத்தாதீர்கள், இரண்டு அளவாவது வையுங்கள். 1975இலேயே ப்ரென் காட்டியது, எம்சிஏவின் செறிவு குறையக் குறைய வரும் கட்டியின் இம்யூனோஜெனிக் தன்மையும் குறைகிறது என்பது. அதிக அளவில் டி.என்.ஏ.வில் எழுத்துப்பிழைகள் (மியூட்டேஷன்) அதிகம், அந்நியமாகத் தெரியும் புரதத் துண்டுகளும் அதிகம். குறைந்த அளவில் கட்டி வர நாளாகும், வருவதும் குறைவு, ஆனால் காவலின் பங்கு அங்கேதான் பளிச்சென்று தெரியும். வெறும் எண்ணெய் மட்டும் போட்ட எலிகளும் அவசியம். எண்ணெயைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து உருண்டையாகத் தட்டுப்படும், கையில் தொட்டால் கட்டி மாதிரியே இருக்கும். உடம்பு எம்சிஏவையே நாரால் சுற்றிச் சிறை வைக்கிறது, நீங்கள் டி-செல்லுக்குக் கொடுக்கும் பெருமையில் ஒரு பங்கு இந்த நாருக்குப் போக வேண்டும் என்று வாதாடும் ஜெர்மன் குழு ஒன்றும் உண்டு, அந்த வாதத்தைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. அதனால் உருண்டையை வெட்டி ஸ்லைடு போட்டுப் பார்க்காமல் கட்டி என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்புறம் காத்திருப்பு. இரண்டரை மூன்று மாதத்துக்குப் பிறகுதான் முதல் கட்டிகள் தட்டுப்பட ஆரம்பிக்கும், 200 நாள் வரை பார்க்க வேண்டும். வாரம் இரண்டு முறை கேலிப்பரால் அளங்கள், ஒரே ஆளே அளக்கட்டும், எந்தக் கூண்டு எந்த வகை என்று அளப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒப்புதலில் எழுதிய அளவைத் தாண்டி எலியை வதைக்கக் கூடாது.

200 நாளாகியும் கட்டி வராத எலிகளைக் கொன்று கணக்கை முடித்துவிடாதீர்கள். 2007இல் செயின்ட் லூயிஸில் குறைந்த அளவு எம்சிஏ கொடுத்து, கட்டி வளராமல் நல்லபடியாக இருந்த எலிகளுக்கு டி-செல்களையும் இன்டர்ஃபெரான்-காமா என்ற எதிர்ப்புச் சமிக்ஞையையும் முடக்கும் ஆன்டிபாடி கொடுத்தார்கள். பல எலிகளில் ஊசி போட்ட இடத்திலேயே கட்டி கிளம்பியது. அத்தனை நாளும் அங்கே புற்று செல்கள் இருந்திருக்கின்றன, காவல்காரன் குரல்வளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறான். மனிதர்களிலும் இப்படி நடந்ததுண்டு. ஸ்காட்லாந்தில் ஒருவருக்கு மெலனோமா அறுவைச் சிகிச்சை முடிந்து 16 வருடம் ஆகியிருந்தது, குணமாகிவிட்டது என்றே நினைத்தார்கள். அவர் இறந்த பிறகு சிறுநீரகங்களை இருவருக்குப் பொருத்தினார்கள். மாற்று உறுப்புக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இருவருக்குமே கொடுத்தவரின் மெலனோமா வந்தது. 2003இல் இது வெளியானது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டியிலிருந்து செல் லைன், அப்புறம் மாற்றிப் போடுவது

கட்டியை எடுத்து நறுக்கி, திசுவைப் பிரிக்கும் கொலாஜினேஸ் நொதியில் கரைத்து வளருங்கள். சீக்கிரம் உறைய வைத்துவிடுங்கள், மூன்றாவது நான்காவது பாஸேஜிலேயே (தட்டு மாற்றி வளர்க்கும் சுற்று) நிறைய வயல் (உறைய வைக்கும் சிறு குப்பி) போட்டு வையுங்கள். தட்டில் வருடக்கணக்கில் வளர்த்த செல் உங்கள் எலியில் பிறந்த கட்டி அல்ல, அது தட்டில் பிழைக்கக் கற்றுக்கொண்ட வேறு ஏதோ ஒன்று. மைகோபிளாஸ்மா சோதனை கட்டாயம், ஏனென்றால் அந்தக் கிருமியே எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பிவிடும். ஊசி போடும் முன் மாட்டுக் கன்றின் சீரம் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். பளபளக்கட்டும் என்று ஜிஎஃப்பி, லூசிஃபெரேஸ், மரபணுவை வெட்டித் திருத்த காஸ்9, இப்படி எதையாவது செல்லுக்குள் நுழைத்திருந்தால், நீங்களே ஓர் அந்நியப் புரதத்தைக் கையால் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பால்ப்/சி எலியின் டி-செல்கள் ஜிஎஃப்பியை ருசித்துப் பிடிக்கும்.

இப்போது முக்கியமான ஆட்டம். உங்களிடம் இரண்டு வகைக் கட்டிகள் இருக்கின்றன: காவல் உள்ள எலியில் பிறந்தவை, காவலே இல்லாத ராக் எலியில் பிறந்தவை. இரண்டையும் எடுத்து, இரண்டு வகை எலிக்குள்ளும் போட வேண்டும். பத்து லட்சம் செல் என்று ஆரம்பிக்கலாம். எல்லாக் கட்டியும் ராக் எலியில் வளர வேண்டும், வளராவிட்டால் செல்லில் கோளாறு, அந்த லைனைத் தூக்கிப் போடுங்கள். பார்க்க வேண்டியது சாதாரண எலியில் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

2001இல் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர், லாயிட் ஓல்டோடு சேர்ந்து, செய்தது இதைத்தான். முதலில் வரும் விகிதமே வேறு: ஒரே அளவு எம்சிஏவுக்கு ராக் எலிகளில் கட்டி வந்தது சாதாரண எலிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மாற்றிப் போட்டபோது, சாதாரண எலியில் பிறந்த கட்டிகள் சாதாரண எலியில் எல்லாம் வளர்ந்தன. ராக் எலியில் பிறந்த 20 கட்டிகளில் 8ஐ சாதாரண எலிகள் விரட்டிவிட்டன. ரசாயனமும் வம்சமும் ஒன்றே, பிறந்த வீடு மட்டும்தான் வேறு. காவல் இருக்கும் வீட்டில் வளர்ந்த கட்டி, கண்ணில் படுகிற செல்களையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, மறைந்து வாழத் தெரிந்த செல்களை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காவலில்லா வீட்டுக் கட்டி செல்லமாக வளர்ந்த பிள்ளை, வெளியே போனதும் அடி வாங்குகிறது. இதை இம்யூனோஎடிட்டிங் என்கிறார்கள். எனக்குத் தமிழில் 'களையெடுப்பு' என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே களையெடுப்பில் பிழைத்து நிற்பதுதான் களை.

8 என்றால் மீதி 12 ஏன் வளர்ந்தன என்று கேட்க மறந்துவிடாதீர்கள், பாடப்புத்தகங்கள் மறந்துவிடுகின்றன. காவலே இல்லாத வீட்டில் பிறந்ததிலும் பாதிக்கு மேல் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் பிழைகள் விழுந்த இடம் வேறு, அவ்வளவு பிழையிலும் டி-செல்லுக்குப் பிடிக்கும்படி ஒன்றுகூட விழாமலும் போகலாம்.

கணக்குப் போடும்போது ஒன்று: ஒரு கட்டியை 10 எலியில் போட்டால் உங்கள் எண்ணிக்கை 10 அல்ல, 1. நிரூபிக்க வேண்டியது கட்டிகளைப் பற்றி, ஆகவே எண்ண வேண்டியதும் கட்டிகளைத்தான். ஒரு லைன், மூன்று எலி, ஒரு நட்சத்திரக் குறி (புள்ளியியலில் தேறியதற்கான அடையாளம்) என்று படம் போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். விரட்டியது டி-செல்தான் என்று காட்ட, சிடி4, சிடி8 என்ற இருவகை டி-செல்களையும் ஆன்டிபாடியால் நீக்கிவிட்டு அதே கட்டியைப் போட்டுப் பாருங்கள், வளர வேண்டும்.

ரசாயனமே இல்லாமல் ஒரு வரிசை

இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் உயிர்நாடி. எம்சிஏ இல்லாமல், புற்றைத் தூண்டும் கேராஸ் மரபணுவை முடுக்கி, புற்றைத் தடுக்கும் பி53ஐ நீக்கி, மரபணு வழியாகவே சார்கோமா உண்டாக்கலாம். 2012இல் எம்ஐடியில் இதைச் செய்தார்கள். அந்தக் கட்டிகளில் எழுத்துப்பிழைகள் மிகக் குறைவு, காவல் இல்லாத எலியில் பிறந்தவைகூட சாதாரண எலியில் நிம்மதியாக வளர்ந்தன. அதே கட்டிக்குள் அந்நியப் புரதத் துண்டைச் செருகிவிட்டதும் கதை மாறியது, காவலில்லா வீட்டில் பிறந்தவை விரட்டப்பட்டன, காவலுள்ள வீட்டில் பிறந்தவை அந்தத் துண்டையே தொலைத்துவிட்டு வளர்ந்தன. ஹெவிட் சொன்னதும் சரி, ப்ரென் சொன்னதும் சரி என்று ஆனது இப்படித்தான். பிடிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் காவல்காரன் எதைப் பிடிப்பான்?

பிழைகளை எண்ணுவது, எண்ணுவதோடு நிறுத்தாமல் இருப்பது

கட்டியின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்த (அதன் எழுத்துகளைப் படிக்க) அனுப்பும்போது அதே எலியின் வால் துண்டையும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வம்சத்தின் பழைய வித்தியாசத்தைக் கட்டியின் புதுப்பிழையாக எண்ணிவிடுவீர்கள். எம்சிஏ கட்டியில் ஜி எழுத்து டி-யாக மாறுவது தூக்கலாக இருக்கும், கேராஸில் 12ஆம் இடத்தில் அடி விழுந்திருப்பதும் சகஜம். புகைபிடிப்பவர்களின் நுரையீரல் புற்றிலும் இதே சாயல்தான், அதனால்தான் இந்த எலி மாதிரிக்கு இன்னும் மவுசு.

ஆர்.என்.ஏ.வையும் பாருங்கள், வெளிப்படாத மரபணுவின் பிழையால் பயனில்லை. கணினி ஆயிரக்கணக்கில் பட்டியல் கொடுக்கும். அதில் டி-செல் உண்மையிலேயே பிடிப்பது ஒன்றோ இரண்டோதான். 2012இல் ஷ்ரைபர் குழு ராக் எலியில் பிறந்த ஒரு சார்கோமாவை அலசியபோது, ஆயிரக்கணக்கான பிழைகளுக்கு நடுவே ஸ்பெக்ட்ரின்-பீட்டா2 என்ற ஒரே புரதத்தில் விழுந்த ஒற்றைப் பிழைதான் விரட்டப்படக் காரணமாக இருந்தது. தப்பிப் பிழைத்து வளர்ந்த செல்களில் அந்தப் பிழை மட்டும் இல்லை. எண்ணிக்கை அதிகமென்றால் சீட்டு அதிகம் வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான், பரிசு விழுந்ததா என்பது வேறு.

பிழைக் கணக்கே முழுக் கதையும் இல்லை என்று 2023இல் ஒரு கட்டுரை வந்தது, பலரும் கவனிக்கவில்லை. மார்பகப் புற்று செல்லுக்கு ரசாயனம் கொடுத்து, புரதத்தை மாற்றும் புதுப்பிழை எதுவும் கூடுதலாக இல்லாத ஒரு குளோனை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) பிரித்தெடுத்தார்கள். அதையும் எலிகள் டி-செல்லை வைத்து விரட்டின! ரசாயனம் படாத செல்லோடு சேர்த்துப் போட்டால் விரட்டவில்லை. ரசாயனம் பட்ட செல் எம்-சிஎஸ்எஃப் என்ற சமிக்ஞையைக் குறைவாகச் சுரக்கிறது, அதனால் டி-செல்லை அடக்கிக் கட்டிக்குக் குடை பிடிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் வந்து சேரவில்லை, கட்டி வெட்டவெளியில் நிற்கிறது. பக்கத்தில் ரசாயனம் படாத செல் இருந்தால் அதன் குடைக்குள் இதுவும் ஒதுங்கிக்கொள்கிறது. இந்தக் கலந்து போடும் சோதனை செலவே இல்லாதது, ஒரே கூண்டு கூடுதலாக வேண்டும். உங்கள் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

இதை வைத்து மனிதக் கட்டியைப் பார்க்கும்போது

சரி, இதெல்லாம் எலிக்கதை. மனிதரிடம் வந்தால் பட்ட ரசாயனத்தின் அளவு தெரியாது, காவல் நிலவரமும் அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் கேட்க வேண்டியவை அதே இரண்டு கேள்விகள். தினம் ஒரு பாக்கெட் சிகரெட் என்றால் வருடத்துக்கு ஒவ்வொரு நுரையீரல் செல்லிலும் சுமார் 150 பிழைகள் என்று 2016இல் கணக்கிட்டார்கள். 2015இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற செக்பாயின்ட் மருந்து கொடுத்த நுரையீரல் புற்று நோயாளிகளில், புகையின் தடம் கட்டியில் இருந்தவர்களுக்கே மருந்து நன்றாக வேலை செய்தது. புகைக்காதவர்களுக்கு வரும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் பிழை உள்ள வகைக் கட்டியில் அதே மருந்து சோர்ந்துவிடும்.

ஆனால் புற்று உண்டாக்கும் எல்லாப் பொருளும் (கார்சினோஜென்) டி.என்.ஏ.வில் கிறுக்குவதில்லை. கல்நார் கொண்டுவரும் மீசோதெலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றில் பிழைகள் குறைவு. காற்று மாசின் நுண்துகள், ஏற்கெனவே ஈஜிஎஃப்ஆர் பிழையோடு தூங்கிக்கொண்டிருக்கும் செல்லை அழற்சி மூலம் எழுப்பிவிடுகிறது என்று 2023இல் லண்டன் கிரிக் நிறுவனத்தினர் காட்டினார்கள். புதுப்பிழை போடவே இல்லை, எழுப்பியது மட்டும்தான். ஆகவே 'கார்சினோஜென் பட்டது, எனவே இம்யூனோஜெனிக்' என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்காதீர்கள், எந்த கார்சினோஜென் என்று கேளுங்கள்.

மெர்க்கெல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று நல்ல ஒப்பீடு. ஒரு வகை வெயிலால் வருகிறது, பிழைகள் மலைபோல் இருக்கும். இன்னொரு வகை 2008இல் கண்டுபிடித்த ஒரு பாலியோமா வைரஸால் வருகிறது, பிழைகள் சொற்பம், ஆனால் வைரஸ் புரதமே முழு அந்நியன். இரண்டுமே பிடி-1 வகை செக்பாயின்ட் மருந்துகளுக்கு இணங்குகின்றன. டி-செல்லுக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை.

காவல் பக்கம் பார்த்தால், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்குத் தோலின் செதிள்செல் புற்று மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக வருகிறது, ராக் எலியில் பார்த்ததன் மனித உருவம் அது. காவல் பலமாக இருந்து களையெடுப்பு நடந்த கட்டியில் ஒளிந்துகொண்ட தடயம் கிடைக்கும்: சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுகளில் சுமார் 40 சதவீதத்தில், புரதத் துண்டுகளை டி-செல்லுக்குத் தூக்கிக் காட்டும் ஹெச்எல்ஏ மரபணுவின் ஒரு பிரதியே காணாமல் போயிருக்கிறது. அறிக்கையில் பிழை எண்ணிக்கை அதிகம் என்று மட்டும் எழுதி இதைப் பார்க்காமல் விட்டால், கடை நிறையச் சரக்கு இருக்கிறது, ஷட்டர் மூடியிருப்பதைப் பார்க்கவில்லை என்ற கதைதான்.

"அப்படியானால் புகைத்தால் மருந்து வேலை செய்யுமா சார்?" என்று ஒருவர் கேட்டார், விளையாட்டாகத்தான். அந்தப் பிழைகள்தான் முதலில் புற்றையே கொண்டுவந்தவை. மேலே சொன்ன எம்-சிஎஸ்எஃப் பற்றிய 2023 கட்டுரையிலேயே மனிதக் கட்டிகளையும் பார்த்திருக்கிறார்கள்: குடை பிடிக்கும் மேக்ரோஃபேஜ்கள் குறைந்திருந்தது புகையை நிறுத்தியவர்களிடம்.

கடைசியாக, வயலில் என்ன எழுதுவது என்பது. வெறும் 'சார்கோமா 7' என்று எழுதி உறைய வைத்த வயல்களை நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன், ஏனென்றால் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறந்த எலியின் வம்சம், ராக் எலியா சாதாரண எலியா, ஆணா பெண்ணா, எத்தனை மைக்ரோகிராம் எம்சிஏ, ஊசி போட்டு எத்தனையாவது நாள் எடுத்தது, எத்தனையாவது பாஸேஜ், மைகோபிளாஸ்மா பார்த்த தேதி. நைட்ரஜனில் அழியாத பேனாவால் எழுதுங்கள். மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும்.